நான் போட்ட கோல் கம்பத்தைப் பார்க்கப் போன ஞாயிறு

குவைத்தில் ஆறு வருஷம் இருந்தேன். அங்கே ஒரு பெரிய கால்பந்து மைதானத்தில் படிக்கட்டுக் கைப்பிடி பாதிக்கு மேல் நான் பற்றவைத்தது. மேட்சு பார்க்க வருகிற அரபிகள் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏறி இறங்கியிருப்பார்கள். ஆனால் உள்ளே உட்கார்ந்து ஒரு மேட்சு பார்த்தேனா என்றால் இல்லை. வேலை முடிந்த அன்றைக்கே வேனில் ஏற்றி வேறு இடத்தில் இறக்கிவிட்டார்கள். கால்பந்து ஆட்டத்தை இந்தக் கண்ணால் முதல் முதலாகப் பார்த்தது ஊருக்குத் திரும்பி வந்து நாலு வருஷம் கழித்து, தாம்பரத்திலிருந்து முக்கால் மணி நேர பஸ் தூரத்தில், பொத்தேரி ஏரிக்கரையில்.

சேலையூரில் எனக்குக் கிரில் பட்டறை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஆள், இன்றைக்கு எட்டுப் பேரை வேலைக்கு வைத்திருக்கிறேன். கூடுவாஞ்சேரி தொடங்கி மேடவாக்கம் வரைக்கும் புதுசாக எழும்புகிற வீடுகளில் மயில் வைத்த கேட்டைப் பார்த்தால் அது என்னுடையது. மற்றவன் போடுகிற மயில் வாத்து மாதிரி இருக்கும். கழுத்து வளைவு எல்லாருக்கும் வராது.

ஒரு நாள் மாலை ஜெபராஜ் என்ற ஆள் பட்டறைக்கு வந்தான். மறைமலை நகரில் மோட்டார் பாகம் செய்கிற கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். வயது முப்பத்தைந்து இருக்கும், கை ஒவ்வொன்றும் முறம் அகலம். பொத்தேரியில் அவர்களுக்கு ஒரு கால்பந்துக் குழு இருக்கிறதாம், அவன்தான் கோல் கீப்பராம். எந்த லீக்கிலும் சேராத குழு. பொங்கலுக்கும் மாதா கோயில் திருவிழாவுக்கும் ஆடி, குடமும் குத்துவிளக்கும் பரிசு வாங்குகிற குழு. சவுக்குக் கம்பத்தை நட்டு, மேலே கயிறு கட்டித்தான் இத்தனை வருஷமும் ஆடியிருக்கிறார்கள்.

இப்போது அவர்களுக்கு ஒரு வாய்ப்பு. கால்பந்துச் சங்கத்திலிருந்து நடுவர் வந்து அவர்கள் மைதானத்திலேயே ஒரு மேட்சு நடத்திப் பார்ப்பார். மைதானம் தேறினால் வருகிற வருஷம் கடைசிப் பிரிவு லீக்கில் சேர்த்துக்கொள்வார்கள். தேறவில்லை என்றால் மைதானமே இருக்காது. இடத்துக்காரர் ஏகாம்பரம் அதை மனைப் பிரிவாகப் போடக் கல் வாங்கி வைத்துவிட்டார். லீக் மேட்சு நடக்கிற இடம் என்று ஆனால் விட்டுவைக்கிறேன், இல்லை என்றால் தை மாதம் கல் நடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதனால் இரும்பில் கம்பம் வேண்டும் என்றான் ஜெபராஜ். அகலம் இருபத்துநாலு அடி, உயரம் எட்டு அடி. அளவைத் தீப்பெட்டி அட்டையின் பின்பக்கம் எழுதி வந்திருந்தான்.

காசுப் பேச்சை எடுக்காதே என்று சொல்லிவிட்டேன். நாலங்குலக் குழாயில் இரண்டு செட்டு போட்டேன். குறுக்குக் குழாய் நீளம் என்பதால் இரண்டு துண்டாகச் செய்து, உள்ளே ஒரு சின்னக் குழாயைச் செருகி, போல்ட்டு போட்டு ஒட்டுகிற மாதிரி அமைத்தேன். வெள்ளைப் பெயின்ட் இரண்டு கோட்டு. நடுவில் தகட்டில், ‘உபயம்: வேலாயுதம் கிரில் ஒர்க்ஸ், சேலையூர்’. கோயிலுக்கு ஒரு டியூப் லைட்டு கொடுக்கிறவனே வெளிச்சம் மறைகிற அளவுக்குப் பெயர் எழுதுகிறான். நான் கொடுத்தது அரை டன் இரும்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டு ஜிப்பா, குவைத் கடிகாரம், நாலு முழ வேட்டி. என் மனைவி, “பந்து ரவுண்டா இருக்கும், அது மட்டுமாவது தெரியுமா?” என்று கேட்டு வழியனுப்பினாள்.

தாம்பரத்தில் செங்கல்பட்டு பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இல்லை. அத்தனையும் வண்டலூரில் புலி பார்க்கப் போகிற குடும்பங்கள். கூடையில் புளியோதரை, தோளில் தண்ணீர் கேன். ஒரு அம்மாள் தன் வீட்டுக்காரரிடம், புலியை மத்தியானம் பார்த்தால் தூங்கும், முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது என்று கண்டிஷனாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர், போன தடவையும் தூங்கத்தான் தூங்கியது என்றார். வண்டலூரில் பஸ் காலியானது. எனக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தது.

பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் உட்கார்ந்தார். கூடுவாஞ்சேரியில் வீடு கட்டுகிறாராம். விடுவேனா? ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிற வழியில் என் கேட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். கேட்டை எப்படி அளக்க வேண்டும், கீல் எந்தப் பக்கம் வர வேண்டும், மழைக்காலத்தில் ஏன் இழுத்துப் பிடிக்கும் என்று எல்லாம் விளக்கினேன். அவர் கூடுவாஞ்சேரியில் இறங்காமல் கேட்டுக்கொண்டு வந்தார். நானும் பொத்தேரியில் இறங்காமல் சொல்லிக்கொண்டு வந்தேன். கண்டக்டர் பொத்தேரி, பொத்தேரி என்று இரண்டு முறை கத்தினாராம். இரண்டு பேரும் மறைமலை நகர் வாசலில் இறங்கினோம். வாத்தியார் கோபித்துக்கொள்ளவில்லை. பிற்பாடு கேட்டும் என்னிடமே போட்டார்.

திரும்பிப் போக பஸ் வரவில்லை. வெயிலில் கால் மணி நேரம் நின்றபோது தண்ணீர் டாங்க் கட்டிய டிராக்டர் ஒன்று பொத்தேரிப் பக்கம் போக வந்தது. கையை நீட்டினேன். ஓட்டி வந்தவர் அறுபது வயதுக்காரர், தலையில் துண்டு, நெற்றியில் பட்டை. ஃபுட்பால் கிரவுண்டுக்குப் போக வேண்டும் என்றேன்.

“ஏறு, நானும் அங்கதான் போறேன். புழுதிக்குத் தண்ணி அடிக்கணுமாம். எங்கிணத்துல இருந்துதான் போவுது” என்றார். அவர்தான் ஏகாம்பரம்.

மட்கார்டில் உட்கார்ந்து பட்டு ஜிப்பாவோடு போனேன். டாங்க் தளும்பித் தளும்பி முதுகு நனைந்தது. அந்த இடத்தில் அவருடைய அப்பா காலத்தில் நெல் விளைந்ததாம், ஏரியில் மண் மேடிட்ட பிறகு தண்ணீர் பாயவில்லையாம். இப்போது சதுர அடிக்கு விலை சொல்லிக்கொண்டு ஆள் வருகிறார்களாம். “பசங்க கால்ல விழுறானுங்க. என் புள்ள மனை போடுங்கறான். நான் யாரு பேச்சைக் கேக்கறது சொல்லு?” என்றார். கம்பத்தைக் காங்கிரீட் போட்டு நடக்கூடாது, ஜல்லி போட்டு இடித்தால் போதும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். நாளைக்குப் பிடுங்க வசதியாக இருக்க வேண்டும் அல்லவா?

ஏரிக்கரை ஏறி இறங்கியதும் மைதானம். நான் பார்த்த குவைத் மைதானத்தில் இது ஒரு மூலைக்குக் காணாது, ஆனால் அதில் இவ்வளவு சத்தம் இருந்திருக்காது. மூன்று பக்கம் வேலிகாத்தான் முள், ஒரு பக்கம் கரை. அந்தக் கரைச் சரிவுதான் கேலரி. பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேராக வந்த ஜனம், முருகன் கோயில் தெரு ஜனம், காலேஜ் ஹாஸ்டல் பிள்ளைகள், குடை பிடித்த பெண்கள். கல்யாணப் பந்தலிலிருந்து வாங்கி வந்த ஷாமியானா. புளியமரத்தில் ஸ்பீக்கர். சுண்ணாம்புத் தூளில் போட்ட கோடுகள். அந்தக் கோடுகளின் இரண்டு கோடியிலும் என் கம்பங்கள் வெள்ளை வெளேர் என்று நின்றன. கேட்டு எத்தனை போட்டாலும் அதற்குப் பின்னால் ஒரு வீடுதான் இருக்கும். இதற்குப் பின்னால் ஏரியும் வானமும் இருந்தன.

சாப்பாட்டைச் சொல்லாமல் விடக்கூடாது. ஏரிக் கெண்டையை மிளகாய் அரைத்துப் பூசி, தோசைக்கல்லில் வறுத்து, ஆலிலையில் தந்தார் ஒரு அம்மாள். முள் இருந்தது, நாக்கு அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மூன்று சாப்பிட்டேன். வேர்க்கடலை, மாங்காய்ப் பத்தை, சுக்குக் காப்பி. தாம்பரம் மார்க்கெட்டில் கிடைக்கிற வறுவல் மீன் இதன் கிட்டே வராது.

மைக்கில் என் பெயரைச் சொல்லி, மாலை போட்டு, ஷாமியானாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மணி இரண்டு. இரண்டரைக்கு ஆட்டம்.

நடுவர் வந்தார். ஒல்லி, கறுப்புச் சட்டை, சட்டைப் பையில் டேப். பேசாத ஆள். கோட்டை நடந்து அளந்தார். மூலைக் கொடிகளைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அப்புறம் டேப்பை எடுத்து என் கம்பத்துக்கு வந்தார். நானே எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன், பாராட்டினால் கேட்க வேண்டுமே.

இரண்டு முறை அளந்தார். “இருபத்திமூணு அடி நாலு அங்குலம். உயரம் ஏழு அடி எட்டு அங்குலம். இதுல ஆட முடியாது” என்றார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. முப்பது வருஷத்தில் என் அளவு தப்பு என்று ஒருத்தன் சொன்னதில்லை. அவர் டேப்பை வாங்கி, இந்தக் கம்பத்தின் வெளி ஓரத்தில் பிடித்து, அந்தக் கம்பத்தின் வெளி ஓரம் வரை இழுத்துக் காட்டினேன். இருபத்துநாலு அடி, ஒரு நூல் கூடக் குறையவில்லை.

“உள்ளளவு சார்” என்றார் நடுவர். “பந்து உள்ளதான போவுது?”

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. கேட்டை நாங்கள் வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் அளப்போம். இரண்டு தூணுக்கு நடுவில் கேட்டு உட்கார வேண்டும், அதனால் அதன் முழு உடம்பும் அளவுக்குள் அடங்க வேண்டும். கேட்டுக்கு நடுவில் இருக்கிற ஓட்டையை எவன் அளப்பான்? கோல் கம்பத்தில் அந்த ஓட்டைதான் சரக்கு. இரும்பு சும்மா வேலி. உயரத்துக்கும் குறுக்குக் குழாயின் தலை வரைக்கும் எட்டு அடி வைத்துவிட்டேன், அடிவயிறு வரைக்கும் வைத்திருக்க வேண்டும். பெயர் எழுதிய தகடும் இருக்கக்கூடாது என்றார். அது அப்போது எனக்குக் காதில் ஏறவே இல்லை.

எதிர் குழு பல்லாவரத்திலிருந்து வந்தது. அவர்களுடைய மேனேஜர் கறுப்புக் கண்ணாடி போட்ட ஆள், விஷயம் தெரிந்ததும் சந்தோஷமாகிவிட்டான்.

“இன்னாபா இது! கீப்பரே போயி கோல்போஸ்ட்டுக்கு ஆர்டர் குட்துக்கீறாரு. அவுரு கைக்கு எட்டுற சைஸ்ல தச்சுக்கினாரு போல. சட்டை கூட இப்டி அளவா தெக்க மாட்டான்” என்றான் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. அவன் ஆட்கள் சிரித்தார்கள். கரை மேல் இருந்த காலேஜ் பிள்ளைகளும் சிரித்தார்கள். “வாக்ஓவர் குடுங்க சார், பஸ்ஸ புடிச்சி போய்க்கினே இருக்கோம்.”

ஜெபராஜ் முகம் செத்துவிட்டது. அவன் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். நடுவரிடம் மட்டும் மெதுவாக, இன்னொரு ஞாயிறு வர முடியுமா என்று கேட்டான். இந்த வருஷத்துக்கு இதுதான் கடைசி, ஆட்டம் நடக்கவில்லை என்றால் நடக்கவில்லை என்றுதான் எழுத முடியும் என்றார் அவர். டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்த ஏகாம்பரம், “அப்ப தை மாசம்தான்” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கும் ஒரு முடிவு வந்த மாதிரிச் சொன்னார்.

நான் ஷாமியானாவுக்குப் போய் மைக்கைப் பிடுங்கினேன்.

“எல்லாரும் கேளுங்க. கம்பம் சின்னதாப் போனது என் தப்பு. ஜெபராஜ் சரியான அளவத்தான் எழுதிக் குடுத்தாரு. நான் கேட்டு அளக்குற பழக்கத்துல அளந்துட்டேன். அவரு ஏமாத்திட்டாருன்னு எவனாவது சொன்னா அது பொய். சேலையூர் வேலாயுதம் முட்டாள்தனம் பண்ணிட்டான்னு சொல்லு, அது நெஜம்.”

ஸ்பீக்கர் ஏரியைத் தாண்டியும் கேட்டிருக்கும். சொல்லி முடித்ததும் நடுவரிடம் போய், எத்தனை மணி வரை பொறுப்பீர்கள் என்று கேட்டேன். வெளிச்சம் வேண்டும், நாலு மணிக்கு விசில் ஊதியாக வேண்டும் என்றார். கடிகாரம் இரண்டே கால் காட்டியது.

ஜிப்பாவைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். நடுக் குழாய்க்கு எட்டு அங்குலம் துண்டு வேண்டும், கம்பத்தை நாலு அங்குலம் தூக்க வேண்டும், ஒரு கம்பத்தை எட்டு அங்குலம் தள்ளி நட வேண்டும். இரண்டு பக்கமும். குழாய்த் துண்டுக்கு எங்கே போவது? மண்ணுக்குள் மூன்று அடி போயிருக்கிற கம்பத்தின் அடியிலேயே வெட்டிக்கொள்ளலாம், இரண்டு அடி உள்ளே நின்றால் போதும். காங்கிரீட் போடாதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

பொத்தேரிக் குழுவில் ஜெர்சி போட்ட பதினொரு பேரில் ஒன்பது பேர் கம்பெனி ஆட்கள். டர்னர், ஃபிட்டர், ஒருத்தன் மெஷின் ஷாப். இந்த மாதிரி கூலியாட்கள் எனக்குப் பட்டறையில் கிடைத்திருந்தால் மெட்ராஸ் முழுக்கக் கேட்டு போட்டிருப்பேன். ஒருத்தன் ஏகாம்பரத்தின் டிராக்டரிலேயே போய், மெயின் ரோட்டில் லாரி பாடி கட்டுகிற கடையிலிருந்து காஸ் வெல்டிங் செட்டைத் தூக்கி வந்தான். மற்றவர்கள் ஜல்லியைக் கடப்பாரையால் கிளறினார்கள். டிராக்டர் திரும்பியதும் கம்பத்துக்குச் சங்கிலி கட்டி இழுத்தோம். ஏகாம்பரம் ஓட்டினார். “மெதுவா விடு, வளைஞ்சிரும்” என்று நான் கத்த, “நெலத்துல இருந்து மரத்தையே புடுங்கனவன், எனக்குச் சொல்றியா?” என்று அவர் கத்தினார்.

காஸ் டார்ச்சைப் பற்றவைத்துக் கையில் எடுத்தேன். அடியை வெட்டினேன், விளிம்பை அரம் போட்டான் ஒரு லெஃப்ட் விங்கர். என் பெயர் எழுதிய தகட்டை வெட்டிப் போட்டு, குறுக்குக் குழாயின் போல்ட்டைக் கழற்றி இழுத்துத் திறந்து, உள்குழாய் மேல் துண்டை வளையம் மாதிரிக் கோத்து, இரண்டு பக்கமும் பற்றவைத்தேன். வெறும் மேலோடு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றேன். கண்ணாடி யாருடையது தெரியுமா? பல்லாவரத்து மேனேஜருடையது. காஸ் செட்டோடு கண்ணாடி வரவில்லை. அவனே கழற்றி நீட்டினான்.

“பெரீவரே, பாத்து. ஃபாரின் கண்ணாடி” என்றான்.

முதல் பக்கம் முடிய மூன்றேகால். இரண்டாவது பக்கத்துக்கு முக்கால் மணிதான் மிச்சம். கரையிலிருந்து ஜனம் இறங்கி வந்து சுற்றி நின்றது. மண் அள்ளிப் போட ஆள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மீன் வறுத்த அம்மாள் எனக்கு வாயில் சுக்குக் காப்பியை ஊற்றினார். மூன்று ஐம்பத்தைந்துக்கு நடுவர் டேப்பைப் பிடித்தார். இருபத்துநாலு. எட்டு. ஒட்டுப் போட்ட இடம் பெயின்ட் இல்லாமல் கறுப்பாக இருந்தது. அதைக் கையால் தடவிப் பார்த்து, “சூடா இருக்கு” என்றார். அவ்வளவுதான் சொன்னார். விசில் ஊதினார்.

அட, என்ன ஆட்டம் அது! இத்தனை நாள் இதைப் பார்க்காமல் எப்படி இருந்தேன்? சட்டம் ஒன்றும் தெரியாது, ஆனால் பந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது இரண்டு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. நான் நாற்காலியில் உட்காரவே இல்லை. அரம் போட்ட அந்த லெஃப்ட் விங்கர் கோட்டோரமாகவே ஓடி வந்து ஒரு அடி அடித்தான், பந்து குழாயின் அடிவயிற்றில் பட்டு உள்ளே விழுந்தது. என் குழாய் மணி மாதிரி ஒலித்தது. ஒட்டு விடவில்லை. மாலையைக் கழற்றித் தூக்கி எறிந்தேன். இடைவேளைக்கு முன்னால் பல்லாவரம் ஒன்று போட்டுச் சமமானது.

இரண்டாம் பாதியில் ஜெபராஜ் ஒருத்தனாக நின்றான். எத்தனை பந்து என்று எண்ணவில்லை. பாய்கிறான், விழுகிறான், முட்டி கிழிந்து ரத்தம், மறுபடி எழுகிறான். ஏகாம்பரம் டிராக்டரிலிருந்து இறங்கிக் கோலுக்குப் பின்னாலேயே வந்து நின்றுவிட்டார். ஆட்டம் முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது பல்லாவரத்தான் ஒருத்தன் தூரத்திலிருந்து உதைத்தான். ஜெபராஜ் முழு நீளத்துக்குப் பாய்ந்தான். விரல் நுனிக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. பந்து அதில் போய்விட்டது. காலையில் இருந்த கம்பமாக இருந்தால் அதில் பட்டு வெளியே போயிருக்கும். நான் திறந்துவிட்ட எட்டு அங்குலம்.

இரண்டுக்கு ஒன்று. விசில். யாரும் என்னைத் திட்டவில்லை. எனக்கே என்னவோ போல் இருந்தது.

நடுவர் ஷாமியானா மேஜையில் உட்கார்ந்து பாரத்தை நிரப்பினார். அவர் எழுதியதை ஜெபராஜ் குனிந்து படித்தான். மைதானம் தகுதி என்று எழுதியிருந்தது. ஆனால் கீழே இன்னொரு கோடு: மூன்று வருஷத்துக்கு இங்கே ஆட இடத்துக்காரர் சம்மதிக்கிறார். ஏகாம்பரத்தின் கையெழுத்து வேண்டும். அவர் பேனாவை வாங்கிக்கொண்டு அந்தக் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்தார். தோற்ற குழுவுக்கு எதற்கு மைதானம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

அவர் பேனாவை நீட்டி ஜெபராஜை நோக்கி ஆட்டினார்.

“அவன் ரைட் காலால அடிக்கறான்னு எனக்கே தெரியுது, உனக்குத் தெரியாதா? நீ இன்னாத்துக்கு இந்தப் பக்கம் ஒட்டிக்கினு நின்ன? பின்னாடி இருந்து கத்தறேன், காதுல ஏறல. அடுத்த ஆட்டத்துல அங்க நின்னின்னு வையி, நானே வேட்டிய மடிச்சிக்கினு உள்ள எறங்குவேன்.”

கையெழுத்துப் போட்டார். பெரிய கையெழுத்து, இனிஷியல் இரண்டு எழுத்தோடு.

அடுத்த ஆட்டம் என்று அவர் வாயிலிருந்து வந்த பிறகு ஜெபராஜ் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. சேறும் ரத்தமுமாக இருந்த அந்த ஜெர்சியோடு ஏகாம்பரத்தை இடுப்பில் கட்டி அப்படியே தூக்கிவிட்டான். “எறக்குடா டேய், வாயு புடிச்ச இடுப்புடா” என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார். அவன் அவரைத் தூக்கிக்கொண்டு, கடைசிப் பந்தை விட்ட அந்தக் கோல் வரைக்கும் ஓடினான். நாங்களெல்லாம் பின்னால் ஓடினோம்.